புக்கெட்டில் பயணிகளின் பாதுகாப்பு: விமானம் முதல் கடற்கரை வரை

தாய்லாந்தின் புக்கெட் தீவில் செப்டம்பர் மாதம் விடுதி வாடகை கணிசமாகக் குறைகிறது. நம் பள்ளிகளின் காலாண்டு விடுமுறையும் அந்த மாத இறுதியை ஒட்டி வருவதால், குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துக்கொண்டு கிளம்பும் குடும்பங்கள் பல அந்தக் காலத்தையே தேர்ந்தெடுக்கின்றன. நானும் அம்மா, மனைவி, பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் ஆகியோருடன் அப்போதுதான் சென்றேன். உணவைப் பற்றியும் கடைத்தெருவைப் பற்றியும் எழுதப் பலர் இருக்கிறார்கள். இந்த மதிப்புரை, விமானத்தில் ஏறுவது முதல் கடலில் இறங்கிக் கரையேறுவது வரை பயணியின் உயிரைக் காக்க அங்கே செய்யப்பட்டிருக்கும் ஏற்பாடுகளைப் பற்றி மட்டுமே பேசுகிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விமானத்தில் ஏற்பாடு நிறைவாக இருக்கிறது. பயணி சொன்னபடி நடந்தால் போதும். கடற்கரையில் உயிர்காப்பாளர்கள் சிறப்பாகப் பணியாற்றுகிறார்கள், ஆனால் அவர்கள் நிற்கும் இடத்திலும் நேரத்திலும் மட்டும். படகுச் சுற்றுலாவில் நிறுவனத்துக்கு நிறுவனம் தரம் மாறுவதால், அங்கே முடிவெடுக்கும் பொறுப்பு முழுவதும் நம்முடையதாகிறது.

விமானப் பயணத்தைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் உண்டு. 2007 செப்டம்பர் 16 அன்று, பாங்காக்கின் டான் முவாங் விமான நிலையத்திலிருந்து 130 பேருடன் புறப்பட்ட ஒன்-டூ-கோ நிறுவனத்தின் விமானம், கடும் மழையிலும் திசைமாறி வீசிய காற்றிலும் புக்கெட்டில் இறங்க முயன்றபோது விபத்துக்குள்ளாகி 90 பேர் இறந்தார்கள். தரையிறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலெழ விமானிகள் முடிவு செய்தும், அதற்கு வேண்டிய எஞ்சின் விசை உரிய நேரத்தில் கொடுக்கப்படவில்லை என்பதையும், விமானிகள் வரம்பு மீறிய பணிநேரத்தால் களைத்திருந்ததையும் விசாரணை வெளிக்கொண்டு வந்தது. 2015 ஜூன் மாதம் பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தாய்லாந்தின் கண்காணிப்பு முறைக்குச் சிவப்புக் கொடி காட்டியது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமும் அந்நாட்டை, பன்னாட்டுப் பாதுகாப்புத் தரத்தை எட்டாதது என்று பொருள்படும் இரண்டாம் நிலைக்கு இறக்கியது. இந்த அடிக்குப் பிறகுதான் உண்மையான சீர்திருத்தம் வந்தது. விமான நிலையங்களை நடத்தும் துறையும் விமான நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஆணையமும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டன. நிறுவனங்களின் உரிமங்கள் மறுபடியும் முதலிலிருந்து ஆய்வு செய்யப்பட்டன. சிவப்புக் கொடி 2017 அக்டோபரில் நீங்கியது. அமெரிக்கா மீண்டும் முதல் நிலையை வழங்க 2025 ஏப்ரல் வரை ஆயிற்று. வெளியிலிருந்து வந்தவர்கள் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் விடாமல் கேள்வி கேட்டதால் கிடைத்த ஒழுங்கு இது என்பதால்தான் அதன்மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

பாங்காக்கிலிருந்து புக்கெட்டுக்குத் தாய் ஏர்வேஸ் விமானத்தில் சென்றோம். பயண நேரம் ஒன்றரை மணிக்கும் சற்றுக் குறைவு. 2025 மார்ச் 15 முதல் தன் விமானங்களில் பவர் பேங்கைப் பயன்படுத்துவதையும் அதற்கு மின்னேற்றுவதையும் அந்நிறுவனம் தடை செய்திருக்கிறது. அதே ஆண்டு ஜனவரியில் தென்கொரியாவின் பூசான் விமான நிலையத்தில் நின்றிருந்த ஏர் பூசான் விமானம் தீப்பிடித்து எரிந்த பிறகு, ஆசிய நிறுவனங்கள் பலவும் இத்தகைய விதிகளைக் கொண்டுவந்தன. லித்தியம் மின்கலம் ஒருமுறை சூடேறி எரியத் தொடங்கினால், அதன் வெப்பமே அதை மேலும் எரிய வைக்கும். தலைக்கு மேலுள்ள பெட்டிக்குள் அது நடந்தால் புகை கிளம்பும்வரை யாருக்கும் தெரியாது. எங்களுக்கு முன்வரிசையில் இருந்த இளைஞர் கைப்பேசியைப் பவர் பேங்கில் செருகியிருந்ததைப் பார்த்த பணிப்பெண், குரலை உயர்த்தாமல், ஆனால் அவர் கழற்றும்வரை அங்கிருந்து நகராமல் நின்று கழற்றச் செய்தார். விதியை அறிவிப்பதோடு நில்லாமல் அதை நடைமுறைப்படுத்துவதும் சேவைதான். இதற்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

சீட் பெல்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் நம்மவர்கள் அதில் காட்டும் அலட்சியம் எனக்கு வருத்தம் தருகிறது. 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் மியான்மர் வான்வெளியில் கடும் குலுக்கலில் சிக்கிப் பாங்காக்கின் சுவர்ணபூமியில் இறங்கியது. ஒருவர் இறந்தார், பலர் தலையிலும் முதுகெலும்பிலும் காயமடைந்தார்கள். அந்த விமானம் 4.6 விநாடிகளில் 178 அடி கீழிறங்கியதாக முதற்கட்ட விசாரணை பதிவு செய்திருக்கிறது. விமானம் கீழே போகும்போது பெல்ட் போடாதவர் அதே உயரத்தில் நின்றுவிடுவதால், கூரை வந்து அவர் தலையில் மோதுகிறது. எச்சரிக்கை விளக்கு அணைந்தவுடன் வரிசையாகக் கேட்கும் அந்தக் கழற்றும் ஒலி, பருவமழை மேகங்கள் திரண்டிருக்கும் வங்கக் கடலின் மேலே கேட்கவே கூடாத ஒலி.

புக்கெட்டை நெருங்கியபோது மழை பெய்துகொண்டிருந்தது. ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்த பிறகு விமானம் திடீரென மேலெழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டாம் முறை இறங்கியது. காற்றின் போக்கு மாறியதால் அவ்வாறு செய்ததாக விமானி அறிவித்தார். பயணிகள் சிலர் பயந்தார்கள், சிலர் முணுமுணுத்தார்கள். 2007இல் இதே ஓடுபாதையில் நடந்ததை அறிந்தவருக்கு அந்த மறுமுயற்சி ஆறுதலாகவே இருக்கும். ஐயம் ஏற்பட்டால் இறங்காமல் மேலெழுவதே சரியான முடிவு. அப்படி ஒரு விமானி செய்யும்போது தாமதத்தைப் பற்றிக் குறைகூறுவது முறையல்ல.

இனி கடற்கரை. புக்கெட்டின் மேற்குக் கரையில்தான் பாத்தோங், கரோன், கத்தா, நை ஹார்ன், சுரின் போன்ற புகழ்பெற்ற கடற்கரைகள் எல்லாம் இருக்கின்றன. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேராக அறைவதும் இந்தக் கரையில்தான். அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கும் நீர் திரும்பிப் போக வழி தேடும். மணல் திட்டுகளுக்கு நடுவே பள்ளம் இருக்கும் இடத்தில் அது ஒன்றுசேர்ந்து ஆறாகக் கடலுக்குள் பாயும். இந்த இழுவை நீரோட்டம் நொடிக்கு 2 மீட்டர் வேகம்வரை எட்டக்கூடியது. ஒலிம்பிக் நீச்சல் வீரராலும் அதை எதிர்த்துக் கரைக்கு வர முடியாது. இதிலுள்ள பெரிய ஆபத்து, அந்த இடம் பார்வைக்கு அமைதியாக இருப்பதுதான். இருபுறமும் அலைகள் நுரைத்து உடைய, நடுவில் மட்டும் கருத்த நீர் சலனமின்றிக் கிடக்கும். நீந்தத் தெரியாதவர் குழந்தையைக் கைபிடித்துக்கொண்டு அந்த இடத்தையே தேடிப் போவார்.

அங்குதான் உயிர்காப்பாளர்களின் அருமை தெரிகிறது. கத்தாவிலும் கரோனிலும் அவர்களை வெவ்வேறு நேரங்களில் கவனித்தேன். காலையில் வந்தவுடன் நீரோட்டத்தைப் பார்த்து, இழுக்கும் இடத்துக்கு எதிரே சிவப்புக் கொடியும், இறங்கத்தக்க இடத்தின் இரு முனைகளிலும் சிவப்பும் மஞ்சளுமான கொடிகளும் நடுகிறார்கள். பகலில் ஓதமும் (கடல்நீரின் ஏற்றவற்றம்) அலையும் மாறினால் கொடிகளையும் மாற்றி நடுகிறார்கள். நேற்று இறங்கிய இடம் இன்றும் சரியாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. எல்லை தாண்டுபவரைப் பார்த்து விசில் ஊதுகிறார்கள். கேட்காவிட்டால் அருகில் வந்து கையைக் காட்டித் திருப்பி அனுப்புகிறார்கள். கரோனில் இளைஞர்கள் சிலர் சிவப்புக் கொடிக்கு எதிரே திரும்பத் திரும்ப இறங்க, அந்த உயிர்காப்பாளர் சலிப்பே இல்லாமல் ஒவ்வொரு முறையும் வந்தார். என் மகளிடம் அவர் சைகையாலேயே பாடம் நடத்தினார்: இழுத்துக்கொண்டு போனால் எதிர்த்து நீந்தாதே, மிதந்தபடி ஒரு கையை உயர்த்து, முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்து. எங்கள் பயணத்திலேயே விலைமதிப்புள்ள சில நிமிடங்கள் அவை. அதற்காக அவர் ஒரு பாட் (தாய்லாந்து நாணயம்) கூட வாங்கவில்லை.

குறைகளும் உண்டு. காவல் பொதுவாக மாலை 6 மணியளவில் முடிந்துவிடுகிறது. விடுதியிலிருந்து குடும்பங்கள் கடலுக்கு வருவதோ வெயில் தாழ்ந்த பிறகு. உள்ளூர் நிர்வாகங்களும் ஒப்பந்தங்களும் சேர்ந்து நடத்தும் பணி இது என்பதால் எல்லாக் கடற்கரைக்கும் ஒரே அளவு காவல் இல்லை. எச்சரிக்கைப் பலகைகளை நான் பார்த்தவரை தாய், ஆங்கிலம், ரஷ்யன், சீனம் ஆகிய மொழிகளே இருந்தன. 2024இல் தாய்லாந்துக்குச் சென்ற இந்தியர்கள் 20 லட்சத்துக்கும் மேல். எண்ணிக்கையில் சீனாவுக்கும் மலேசியாவுக்கும் அடுத்த இடம். அவ்வளவு பேர் வரும் கரையில் இந்திய மொழி ஒன்றாவது பலகையில் ஏற வேண்டும் என்று அந்நாட்டுச் சுற்றுலாத் துறையைக் கேட்பது நியாயமானது. நம் பக்கமும் திருந்த வேண்டியது இருக்கிறது. சேலை, துப்பட்டா, ஜீன்ஸ் ஆகியவை நனைந்தால் பாரமாகிக் காலைச் சுற்றிக்கொள்ளும். சுரின் போன்ற செங்குத்தான கரையில் அலை காலடியிலேயே உடைவதால், முழங்கால் ஆழத்தில் நிற்பவரைக்கூட அது வீழ்த்தி இழுத்துவிடும். அம்மா அங்கே ஈர மணலுக்கு அப்பால் செல்லாமல் நாங்கள் பார்த்துக்கொண்டோம்.

படகுச் சுற்றுலா விற்பவர்களை நம்புவதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. பீ பீ தீவின் மாயா விரிகுடா, இயற்கை தன்னை மீட்டுக்கொள்வதற்காக ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மூடப்படுகிறது. திறந்திருக்கும் மாதங்களிலும் அங்கே நீந்த அனுமதியில்லை. சிமிலான் தீவுகளும் மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடப்படுகின்றன. ஆயினும் தெருவோர முகவர் ஒருவர் செப்டம்பரில் மாயா விரிகுடாவைப் படம் காட்டி விற்றார்; கடல் கொந்தளிப்பைப் பற்றிக் கேட்டபோது ஒன்றும் ஆகாது என்றார். 2018 ஜூலை 5 அன்று, வானிலை எச்சரிக்கை இருந்தும் கடலுக்குள் சென்ற ஃபீனிக்ஸ் என்ற படகு புக்கெட் அருகே கவிழ்ந்து, சீனப் பயணிகள் 47 பேர் இறந்தார்கள். அதை நினைவில் வைத்து, தாய்லாந்து வானிலைத் துறையின் அலை உயர முன்னறிவிப்பைப் பார்த்த பிறகே நாங்கள் பதிவு செய்தோம். வேறொரு நிறுவனம், மோசமான வானிலையில் பயணத்தை ரத்து செய்தால் முழுப் பணத்தையும் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்தது. அதன் படகுத்துறையில் பயணிகளின் பெயர்களைக் கடவுச்சீட்டோடு சரிபார்த்தார்கள். லைஃப் ஜாக்கெட்டைப் பெரியவர், சிறியவர் அளவு பார்த்துக் கொடுத்து, கொக்கிகளைத் தாங்களே இழுத்துச் சோதித்தார்கள். முதுகுவலி உள்ளவர்களையும் முதியவர்களையும் வேகப் படகின் முன்பகுதியில் உட்கார வேண்டாம் என்றார்கள். அலைமேல் படகு துள்ளும்போது அதிர்ச்சி அங்கேதான் அதிகம். சில நூறு பாட் கூடுதலாக வாங்கினாலும் இத்தகைய நிறுவனத்தையே பரிந்துரைப்பேன்.

படகு இழுக்க, பாராசூட்டில் தொங்கியபடி பறக்கும் பாராசெயிலிங்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2017 ஜூலையில் கத்தா கடற்கரையில் ஆஸ்திரேலியப் பயணி ஒருவர் வாரிலிருந்து நழுவி உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். பாத்தோங்கில் நான் பார்த்தபோது, பயணியை வாரில் கட்டிவிட்டு, ஊழியர் தனக்கென எந்தக் கட்டும் இல்லாமல் கயிறுகளைப் பிடித்துத் தொங்கியபடியே உடன் பறந்தார். தன் ஊழியரின் உயிரை இப்படி மதிக்கும் தொழிலிடம் என் மகளை ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை.

சாமுய், பங்கான் போன்ற தாய்லாந்து வளைகுடாத் தீவுகளுக்குச் செல்பவர்கள், கொடிய நஞ்சுள்ள பெட்டி ஜெல்லி மீனை அறிந்திருக்க வேண்டும். கொட்டிய இடத்தைத் தேய்க்காமல், நல்ல தண்ணீர் ஊற்றாமல், வினிகரை அரை நிமிடத்துக்குக் குறையாமல் ஊற்ற வேண்டும். அது வலியைத் தணிக்காது. தோலில் ஒட்டியிருந்து இன்னும் வெடித்து நஞ்சைச் செலுத்தாத கொட்டுசெல்களை மட்டும் செயலிழக்கச் செய்யும். இதற்காகவே அத்தீவுகளின் கரையில் வினிகர் புட்டிகள் பொருத்திய கம்பங்கள் நிற்கின்றன.

விமான நிலையத்தை ஒட்டிய மை காவ் கடற்கரைக்கும் போனோம். 2004 டிசம்பர் 26 அன்று, பத்து வயதுப் பிரிட்டிஷ் சிறுமி டில்லி ஸ்மித், பள்ளியில் படித்ததை வைத்துக் கடல்நீரின் விசித்திரமான நுரைப்பைச் சுனாமியின் அறிகுறி என உணர்ந்து பெற்றோரை எச்சரித்த இடம் இதுதான். கடற்கரை உடனே காலிசெய்யப்பட்டு, அங்கிருந்தவர்கள் பிழைத்தார்கள். அதே நாளில் நாகப்பட்டினத்தையும் இலங்கைக் கரையையும் அழித்த அதே அலை தாய்லாந்தில் 5,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. இப்போது கரையோரம் எச்சரிக்கைக் கோபுரங்களும், மேட்டு நிலத்துக்கு ஓடும் வழியைக் காட்டும் நீலப் பலகைகளும் இருக்கின்றன. விடுதி அறையில் பெட்டியை வைத்தவுடன் அந்தப் பலகை காட்டும் வழியில் ஒருமுறை குடும்பத்தோடு நடந்துவிடுவது நல்லது.

நீந்தத் தெரியாத முதியவர்களும் சிறு குழந்தைகளும் உள்ள குடும்பம் என்றால், டிசம்பர் முதல் மார்ச் வரை போகுமாறு பரிந்துரைக்கிறேன். அப்போது புக்கெட்டை ஒட்டிய அந்தமான் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். செப்டம்பரில்தான் போக முடியும் என்றால், உயிர்காப்பாளர் மேடைக்கு நடந்து போகும் தூரத்தில் விடுதி எடுங்கள். மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு எடுக்கும்போது நீர் விளையாட்டுகளும் அதில் அடங்குகின்றனவா என்று படித்துப் பாருங்கள். சுற்றுலாக் காவல்துறைக்கு 1155, அவசர மருத்துவ ஊர்திக்கு 1669 ஆகிய எண்களை ஒருவர் கைப்பேசியில் மட்டும் அல்லாமல் உடன்வரும் எல்லோர் கைப்பேசியிலும் பதிந்துகொள்ளுங்கள்.