சாறுண்ணிப் பூச்சிகள்: வம்சத்தால் பிரிப்பதா, குடிக்கும் சாற்றால் பிரிப்பதா?

சிள்வண்டு, நுரைப்பூச்சி, தத்துப்பூச்சி, புகையான், அசுவினி ஆகிய அனைத்தும் ஹெமிப்டெரா வரிசையைச் சேர்ந்தவை. ஊசி போன்ற வாயுறுப்பால் செடியின் சாற்றை உறிஞ்சி வாழ்பவை. இவற்றை வம்சத்தால் பிரிப்பதே முறையான வகைப்பாடு. ஆனால் இவற்றின் உடலமைப்பையும் நடத்தையையும் விளங்கிக்கொள்ள, எந்தச் சாற்றைக் குடிக்கின்றன என்று பார்ப்பதே கூடுதலாக உதவுகிறது என்பது என் கருத்து.

வம்சக் கணக்கில், உறிஞ்சுகுழல் தலையின் பின்புறம் கழுத்தையொட்டிப் புறப்படும் முதல் நான்கும் ஆக்கனோரிங்கா. அது முன்னங்கால்களுக்கிடையே முளைத்ததுபோல் தோன்றும் அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி ஆகியவை ஸ்டெர்னோரிங்கா. முன்பு இரண்டையும் ஹோமோப்டெரா என ஒன்றாக அடக்கினார்கள். சிள்வண்டுக்கு அசுவினியைவிட நாவாய்ப்பூச்சியே நெருங்கிய உறவு என்று மரபணு ஆய்வுகள் காட்டியதும் அந்தத் தலைப்பு கைவிடப்பட்டது. கைலென்சில் பார்த்தால், உணர்கொம்பு கண்ணுக்குக் கீழே இருப்பது புகையான். பின்னங்காலில் நீளவாக்கில் முள்வரிசைகள் இருப்பது தத்துப்பூச்சி.

சாற்றுக் கணக்கு வேறு கோடு போடுகிறது. சிள்வண்டும் நுரைப்பூச்சியும் குடிப்பது சைலம் சாறு, அதாவது வேரிலிருந்து நீரை மேலேற்றும் குழாய்களில் ஓடும் சாறு. அது சத்துக் குறைந்த, பெரும்பாலும் நீரான திரவம், அதுவும் இலைகள் மேலே இழுப்பதால் எதிர்மறை அழுத்தத்தில் இருப்பது. அதை வலிந்து உறிஞ்ச வேண்டியிருப்பதால்தான் சிள்வண்டின் முகம் முன்னே புடைத்து, குறுக்கு வரிகளோடு காணப்படுகிறது. அந்தப் புடைப்புக்குள் இருப்பது பம்பு போல இயங்கும் தசைக்கூட்டம். அசுவினி குடிக்கும் புளோயம் சாறோ, அதாவது இலையில் உருவான சர்க்கரையைச் செடியெங்கும் கொண்டுசெல்லும் குழாய்களின் சாறோ, அழுத்தத்தில் இருப்பதால், பூச்சியை அகற்றி ஊசியை மட்டும் செடியில் விட்டுவைத்தாலும் அதன் வழியே சாறு கசிந்துகொண்டிருக்கும். அதிலுள்ள மிகுதியான சர்க்கரையைத் தேன்போல் வெளியேற்றுவதால் எறும்புகள் அசுவினியை மொய்க்கின்றன.

இருப்பினும் சாறு எல்லாவற்றையும் விளக்கிவிடாது. சில வட அமெரிக்கச் சிள்வண்டுகளின் இளம்பூச்சிகள் 13 அல்லது 17 ஆண்டுகள் மண்ணுக்குள் வேர்ச்சாற்றைக் குடித்து வளர்வதற்கு நீர்த்த உணவை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. அதே சைலத்தைக் குடிக்கும் நுரைப்பூச்சிகள் பல ஓராண்டுக்குள் வளர்ந்துவிடுகின்றன. ஆண் சிள்வண்டின் வயிற்றின் தொடக்கத்தில் இருபுறமும் அதிர்ந்து ஒலியெழுப்பும் சவ்வும் வம்சம் தந்ததே.

பயிர்நோய் என்று வரும்போது நான் முதலில் சாற்றையே கேட்பேன். சைலத்தை அடைக்கும் சைலெல்லா பாக்டீரியாவை நுரைப்பூச்சிகளும் சைலம் குடிக்கும் தத்துப்பூச்சிகளும் பரப்புகின்றன. நெல்லின் துங்ரோ வைரஸைப் பரப்புவதோ முக்கியமாகப் புளோயம் குடிக்கும் பச்சைத் தத்துப்பூச்சி.