ஒரே மாதிரி சாய்வுத் தலையணை, அப்பாவுக்கும் எனக்கும்: மூன்று மாதம் படுத்துப் பார்த்த பிறகு

படுக்கும்போது வயிற்று அமிலம் மேலே ஏறாமல் இருக்க, வேலூர் லாங்கு பஜார் பக்கம் ஒரு மெத்தைக் கடையில் அளவு சொல்லி வெட்டி வாங்கியது. ஆன்லைனில் வெட்ஜ் பில்லோ என்று விற்கிறார்களே, அதேதான். தலைப்பக்கம் 8 அங்குல உயரம், அங்கிருந்து இடுப்பு வரை சரிந்து வரும். எனக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, தலா 1,300 ரூபாய். எனக்கு 33 வயது, அப்பாவுக்கு 71.

எனக்கு நைட் ஷிப்ட் வேலை. முடித்து வந்து பரோட்டாவோ பிரியாணியோ சாப்பிட்டுவிட்டு உடனே படுத்துவிடுவேன், அரை மணி நேரத்தில் நெஞ்சு தீயாக எரியும், புளித்த தண்ணீர் தொண்டை வரை வரும். டாக்டர் கேள்விகள் கேட்டார், விழுங்கக் கஷ்டமா, எடை குறைந்ததா, மலம் கறுப்பாகப் போகிறதா என்று. எதுவும் இல்லை என்றதும் அமிலத்தைக் குறைக்க 8 வாரம் மாத்திரை எழுதினார், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும். எண்டோஸ்கோப்பி, அதாவது வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்ப்பது, தேவைப்படவில்லை. மாத்திரை, தலையணை, சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் படுப்பது, மூன்றும் சேர்ந்து என் எரிச்சல் அடங்கிவிட்டது.

அப்பா விஷயம்தான் வேறு. அவர் ஒரு நாள்கூட நெஞ்சு எரிகிறது என்று சொன்னதில்லை. ராத்திரி 2 மணிக்கு எழுந்து உட்கார்ந்து இருமுவார், காலையில் குரல் கம்மியிருக்கும். "எனக்கு இன்னாடா எரிச்சல், சளிதான்" என்பார். பக்கத்தில் ஒருவரிடம் காட்டினோம், மாதக்கணக்கில் இருமல் மருந்தே கொடுத்துக்கொண்டிருந்தார், இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது. அப்புறம் ஒரு நாள் கவனித்தேன், அப்பா இட்லியைச் சாம்பாரில் கூழாகும்வரை ஊறவைத்துத்தான் வாயில் வைக்கிறார், ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர். சட்டைக் காலர் கழுத்தில் தொளதொளவென்று நின்றது. உடனே கூட்டிக்கொண்டு போய் எண்டோஸ்கோப்பி பார்த்தோம். உணவுக்குழாயின் அடிப்பாகம் முழுக்கப் புண், வயிற்றின் மேல்பகுதி உதரவிதானத்தை, அதாவது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையை, தாண்டி நெஞ்சுக்குள் ஏறியிருந்தது, ஹயாட்டஸ் ஹெர்னியா என்றார்கள்.

எரியவே இல்லையே, எப்படி இவ்வளவு புண் என்று கேட்டேன். வயது ஏற ஏற உணவுக்குழாயில் வலி உணரும் தன்மை மங்குகிறதாம், அதனால் சத்தமே இல்லாமல் புண் ஆழமாகும். எச்சில்தான் அமிலத்தைத் தணிக்கும், வயதானவர்களுக்கு, அதுவும் நிறைய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, எச்சில் குறைவு. மேலே வந்த அமிலத்தைத் திரும்பக் கீழே தள்ளும் அசைவும் தளர்ந்துவிடும். பிரஷருக்குப் போடும் அம்லோடிபின் போன்ற மாத்திரைகள் வயிற்று வாய் வால்வைத் தளர்த்தும், மூட்டுவலி மாத்திரை குழாயையே புண்ணாக்கும். அப்பா இரண்டும் போட்டுக்கொண்டிருந்தார். நாமாக எதையும் நிறுத்தக்கூடாது, டாக்டர் பார்த்துத்தான் மாற்றிக் கொடுத்தார். இளைஞர்களுக்கு எரிச்சல் கத்தும், பல நேரம் குழாயில் புண்ணே இருக்காது. பெரியவர்களுக்கு இருமல், குரல் கம்மல், விழுங்கத் தடை, ரத்தச்சோகை என்று வேறு வேஷத்தில் வரும். வீட்டுப் பெரியவர் "எரியலை" என்று சொல்வதை நம்பி விட்டுவிடாதீர்கள், அவர் சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

சரி, தலையணைக்கு வருகிறேன். எனக்கு இரண்டே நாளில் பழகிவிட்டது, இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இன்னும் நல்லது. சாதாரணத் தலையணையை இரண்டு மூன்றாக அடுக்குவது வேலைக்கு ஆகாது, கழுத்துதான் மடங்கும், வயிறு அமுங்கும், அமிலம் இன்னும் மேலே வரும். முதுகு முழுக்கச் சரிவில் இருக்க வேண்டும். அப்பாவோ முதல் வாரம் தூக்கத்தில் வழுக்கி வழுக்கிக் கீழே வந்துவிட்டார், காலையில் பார்த்தால் தலை மட்டும் சரிவின் அடியில் இருக்கும். முழங்காலுக்கு அடியில் பழைய போர்வையைச் சுருட்டி வைத்த பிறகுதான் நின்றார். இடுப்புவலி உள்ள பெரியவர்களுக்கு இது ஒத்துவராமல் போகலாம், அவர்களுக்குக் கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் உறுதியான மரக்கட்டை வைத்து உயர்த்துவது மேல்.

குறை என்றால் உறைதான். கடையில் கொடுத்த ரெக்சின் உறையில் வேலூர் வெயிலுக்கு முதுகு நனைந்துவிடுகிறது, பருத்தித் துணியில் தனியாகத் தைத்து வாங்கினேன், 200 ரூபாய். ஃபோமும் கெட்டியானதாகக் கேட்டு வாங்குங்கள், என்னுடையது கொஞ்சம் மெத்தென்று இருந்ததால் மூன்றே மாதத்தில் உயரம் அரை அங்குலம் இறங்கிவிட்டது. அப்பாவுக்கு வாங்கிய கெட்டி ஃபோம் அப்படியே நிற்கிறது.

தலையணையால் புண் ஆறாது, அதை ஆற்றுவது அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைதான், அப்பாவுக்கு அது இன்னும் போகிறது. ஆனால் ராத்திரி இருமல் நின்றுவிட்டது, நானும் அம்மாவும் முழுசாகத் தூங்குகிறோம். போன வாரம் ஆற்காட்டில் அக்கா வீட்டுக்கு இரண்டு நாள் தங்கப் போனவர், அதைக் கயிறு போட்டுக் கட்டி பஸ்ஸிலேயே தூக்கிக்கொண்டு போனார்.