ராபின்சன் கார்டு மலிவாகக் கிடைத்தால் ஓரத்தைப் பாருங்கள்

அமெரிக்காவில் பழைய பேஸ்பால் கார்டு (ஆட்டக்காரர் படம் அச்சிட்ட அட்டை) சேர்க்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். ‘மாபெரும் ஆட்டக்காரர், விலைதான் இன்னும் ஏறவில்லை’ என்று யாராவது ஒரு கார்டை நீட்டினால், பணத்தை எடுக்கும் முன் அதைப் பிளாஸ்டிக் கூட்டிலிருந்து வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

நியூ ஜெர்சியில் ஒரு ஹோட்டல் கூடத்தில் நடந்த கார்டு சந்தையில் பேஸ்பால் வீரர் ஃபிராங்க் ராபின்சனின் அறிமுகக் கார்டை, அதாவது அவருக்கு வெளியான முதல் கார்டை, என் தலையில் கட்டினார் ஒரு வியாபாரி. 1957இல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட வரிசையில் எண் 35. ஆட்டத்தைப் பற்றி அவர் சொன்ன எதுவும் பொய்யில்லை. புகழ்பெற்ற ஆட்டக்காரர் மிக்கி மேன்டில் அடித்தது 536 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்சர் மாதிரி), ராபின்சன் அடித்தது 586. அமெரிக்க பேஸ்பாலின் இரண்டு லீக்குகளிலும் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்ற முதல் ஆள் அவர்: 1961இல் சின்சினாட்டிக்கு ஆடி, 1966இல் பால்டிமோருக்கு ஆடி. ஆனால் மேன்டிலின் 1952 டாப்ஸ் கார்டு ஒன்று 2022இல் 1.26 கோடி டாலருக்கு விலைபோனது. ராபின்சன் கார்டையோ சாதாரணச் சம்பளக்காரரும் வாங்கலாம். இந்த உண்மைகளைத்தான் அவர் தூண்டிலில் கோத்திருந்தார். ஆட்டக்காரரைப் பற்றி அவ்வளவு பேசியவர், அட்டையைப் பற்றிக் கேட்டால் மட்டும், “கை பட்டால் மூலை மழுங்கிவிடும்” என்று முடித்துக்கொண்டார். ரொக்கம் என்றால் தள்ளுபடி உண்டாம்.

தரம் பார்க்கும் நிறுவனத்துக்கு அனுப்பினேன். ஓரம் வெட்டப்பட்டிருக்கிறது என்று மதிப்பெண் போடாமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். தேய்ந்த ஓரத்தையும் மழுங்கிய மூலையையும் சீவிவிட்டால் அட்டை புதிதுபோல் தெரியும்; அதற்காகத்தான் இந்த வெட்டு. பூதக்கண்ணாடியில் பார்த்தால் மூன்று ஓரங்கள் பழுப்பேறி, காகித நார் லேசாகப் பிரிந்திருக்கின்றன. வலது ஓரம் மட்டும் வெள்ளை வெளேரென்று வழவழப்பாக இருக்கிறது. அந்தப் பக்கத்து மூலைகள் இரண்டும் சந்தேகப்படும் அளவுக்குக் கூர்மை. அதே ஆண்டின் வேறொரு கார்டின் மேல் வைத்தால் அகலம் மயிரிழை குறைகிறது.

வியாபாரியிடம் கேட்டால், “நீங்களே வெட்டியிருக்கலாமே” என்கிறார்! விற்ற பொருளைத் திரும்ப வாங்குவதில்லையாம்.

இது சில்லறை வியாபாரிகளின் கைவேலை மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி 1991இல் கூட்டாக வாங்கிய, பழைய பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் கார்டு உலகப் புகழ் பெற்றது. அதன் ஓரத்தை வெட்டியது தான்தான் என்று ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். தரம் பார்த்தவர்கள் அதற்குப் பத்துக்கு 8 மதிப்பெண் கொடுத்திருந்தார்கள் என்பது தனிக் கூத்து.

என்னிடம் விற்ற ஆள் இப்போது இன்னொரு பழைய ஆட்டக்காரர் ஸ்டான் மூசியலுக்கு மாறிவிட்டார். போமன் நிறுவனம் 1948இல் வெளியிட்ட அவரது கார்டை விரித்து வைத்து, சொந்த மைதானத்தில் 1,815 ஹிட், வெளியூரில் 1,815 ஹிட் என்று அடுத்தவருக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கணக்கும் சரிதான்.

போகும்போது, வாங்க நினைக்கும் கார்டு வெளியான அதே ஆண்டு வரிசையிலேயே பெயர் தெரியாத ஆட்டக்காரர் ஒருவரின் கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சில டாலருக்குக் கிடைக்கும்; அளவு பார்க்க அது போதும். கிரெடிட் கார்டில் கொடுத்தால் வங்கியிடம் முறையிட வழி உண்டு. ரொக்கம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் அடுத்த மேசைக்குப் போய்விடுங்கள்.