பாலசரஸ்வதியா, ருக்மிணி தேவியா?

1930களின் தொடக்கத்தில், இன்று பரதநாட்டியம் என்று நாம் அழைக்கும் சதிராட்டம் பிழைக்குமா என்பதே கேள்வியாக இருந்தது. கோயிலிலும் பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணங்களிலும் ஆடிவந்த குடும்பங்களின் மீது பழிச்சொல் குவிந்திருந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். முறையோடு சேர்த்துக் கலையையும் புதைத்துவிடாதீர்கள் என்று இ. கிருஷ்ணய்யர் வாதாடினார். அந்த நெருக்கடியைத் தாண்டி ஆட்டம் மேடைக்கு வந்ததற்கு யார் காரணம் என்று கேட்டால் இரண்டு பெயர்கள் வரும்: பாலா என்று அழைக்கப்படும் தஞ்சாவூர் பாலசரஸ்வதி, ருக்மிணி தேவி அருண்டேல். இவர்களில் யாரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுவது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. என் மனம் எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனால் எதிர்ப்பக்கத்து நியாயம் சிறியதல்ல.

ருக்மிணி தேவியின் துணிச்சலிலிருந்து தொடங்குகிறேன். 1904இல் மதுரையில் பிறந்த பிராமணப் பெண். 16 வயதில் தன்னைவிட 25 ஆண்டு மூத்த ஆங்கிலேயரான ஜார்ஜ் அருண்டேலை மணந்தார். 1920இல் அது சென்னையையே உலுக்கிய செய்தி. பிறகு ரஷ்ய நடன மேதை அன்னா பாவ்லோவாவின் நட்பு கிடைத்தது. உங்கள் நாட்டு ஆட்டத்தைத் தேடிப் போங்கள் என்று அவர் தந்த தூண்டுதலோடு ஊர் திரும்பினார். மியூசிக் அகாடமியில் பந்தநல்லூர் சகோதரிகளின் ஆட்டத்தைப் பார்த்தபின், முப்பதை நெருங்கும் வயதில், மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்றார். 1935 டிசம்பரில் அடையாறு பிரம்மஞான சபையில் மேடை ஏறினார். நல்ல குடும்பத்துப் பெண் ஆடுவதா என்று கேட்ட ஊருக்கு, ஆடிக் காட்டியே பதில் சொன்னார்.

பாலாவின் துணிச்சலை வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவு எளிதில் தெரியாது. 1918இல், பெயர்பெற்ற வீணைக் கலைஞர் வீணை தனம்மாளின் பேத்தியாகப் பிறந்தவர். தாய் ஜெயம்மாள் பெரிய பாடகி. இசைக்குப் பெயர்போன அந்த வீட்டிலேயே பெண்ணை ஆட்டத்துக்கு அனுப்பத் தயக்கம் இருந்தது, காலம் அப்படி. பழைய நட்டுவனார் சகோதரர்களான தஞ்சை நால்வர் வழிவந்த கந்தப்பப் பிள்ளையின் கடுமையான பயிற்சியில் வளர்ந்து, ஏழு வயதில் காஞ்சிபுரத்துக் கோயிலில் அரங்கேறினார். அவர் வளர வளர, அவர் பிறந்த குலம் ஆடுவதே குற்றம் என்ற நிலை வந்தது. 1947இல் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டமும் வந்தது. ருக்மிணி தேவிக்கு ஆட்டத்தை விட்டாலும் வேறு உலகம் இருந்தது. பாலா அதை விட்டிருந்தால் பாட்டியிடமிருந்தும் தாயிடமிருந்தும் வந்ததையெல்லாம் விட்டதாகும். அவர் விடவில்லை. 1941இல் கந்தப்பா மறைந்தபின் மேடையும் உடல்நலமும் கைவிட்ட ஆண்டுகளைக் கடந்து, கந்தப்பாவின் மகன் கணேசன் தாளம் தட்டி ஆட்டத்தை நடத்த, அவருடைய நட்டுவாங்கத்தோடு திரும்பி வந்தார்.

இருவருக்குமான சண்டையின் மையம் சிருங்காரம் என்ற காதல் சுவை. அபிநயத்துக்கென்றே அமைந்த பழைய பாடல்களான பதங்களில் காதலும் ஊடலும் உடல் ஏக்கமும் வெளிப்படையாக இருக்கும். அவற்றில் சிலவற்றை மேடைக்கு ஆகாதவை என்று ருக்மிணி தேவி ஒதுக்கினார். பக்தியை முன்னே நிறுத்தினார். மேடையில் நடராஜர் வந்தார், உடை மாறியது, ஒளியமைப்பு வந்தது. சிருங்காரமே எல்லா உணர்ச்சிகளுக்கும் தலை, அதில் கழுவித் தூய்மையாக்க ஒன்றுமில்லை என்பது பாலாவின் பதில். 1975இல் தமிழ் இசைச் சங்கத்தில் ஆற்றிய உரையில் ஒரு கச்சேரியின் வரிசையை அவர் கோயிலாகவே விவரித்தார்: தொடக்க ஆட்டமான அலாரிப்பு கோபுரம், அங்கிருந்து மண்டபங்கள் வழியே, கச்சேரியின் நடுநாயகமான வர்ணம் என்ற சன்னதி. அந்தக் கோயிலுக்குள் காதலுக்கு இடம் உண்டு என்பதுதான் அவர் கட்சி. இதில் நான் முழுக்க பாலாவோடு நிற்கிறேன். காதல் பதங்களுக்குப் பெயர்போன கவி க்ஷேத்ரய்யாவின் பதத்தை நாயகியின் ஆசையை நீக்கிவிட்டு ஆட முடியாது. ஒதுக்கிய பாடல்களோடு, அவற்றைத் தலைமுறையாகக் காத்த பெண்களின் வாழ்வும் அசிங்கம் என்ற முத்திரை விழுந்தது. அந்த வலியைப் பேச ருக்மிணி தேவியின் ரசிகர்கள் இன்றும் தயங்குகிறார்கள்.

சாதனை என்று கணக்கெடுத்தால் தராசு மறுபக்கம் சாயும், அதையும் சொல்ல வேண்டும். 1936இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்திரம் என்ற கலைப்பள்ளி டைகர் வரதாச்சாரியார், மைசூர் வாசுதேவாச்சாரியார், பாபநாசம் சிவன் போன்றவர்களை ஒரே கூரையின் கீழ் கூட்டியது. குற்றாலக் குறவஞ்சியும் ராமாயண வரிசையும் நாட்டிய நாடகத்துக்குத் தனி இலக்கணமே வகுத்தன. கைத்தறிக்குத் திருவான்மியூரில் தறி போட்டார். மாநிலங்களவையில் அவர் தொடர்ந்து கொடுத்த குரல்தான் 1960இல் மிருகவதைத் தடுப்புச் சட்டமானது. 1977இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு மொரார்ஜி தேசாய் அழைத்தபோது வேண்டாம் என்றார். ஒரு மனிதர் ஒரு வாழ்நாளில் இத்தனை செய்ய முடியுமா என்று மலைக்க வைக்கும் வாழ்க்கை.

பாலா நிறுவனம் கட்டும் குணம் கொண்டவர் அல்லர். மியூசிக் அகாடமியின் ஆதரவில் ஒரு பள்ளி நடத்தினார், அதில் கூட்டம் இல்லை. அவருடைய சாதனை முழுவதும் அவர் ஆட்டத்துக்குள்ளேயே இருந்தது. உட்கார்ந்தபடியே தானே பாடி, ஒரே வரியைப் புதிது புதிதாக விரித்து அபிநயம் பிடிப்பார். ஆடுபவளுக்குப் பாட்டு தெரிந்தே ஆக வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க மாட்டார். 1961இல் டோக்கியோ, அடுத்த ஆண்டு அமெரிக்கா. வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1973இல் மியூசிக் அகாடமி அவருக்கு சங்கீத கலாநிதி பட்டம் தந்தது. இசைக்கலைஞர்களுக்குரிய அந்தப் பட்டம் ஆட்டக்காரர் ஒருவருக்குப் போனதே அவர் இசை எப்படிப்பட்டது என்பதற்குச் சாட்சி. 1976இல் சத்யஜித் ராய் எடுத்த ஆவணப்படத்தில் கடற்கரைக் காற்றில் அவர் ஆடும் ‘கிருஷ்ணா நீ பேகனே’வைப் பாருங்கள். வயது 58. கால்கள் அதிகம் நகராது, முகமும் கையும் போதும், யசோதை எதிரே நிற்பாள்.

ஒன்றை மறக்கக் கூடாது: கௌரி அம்மாளிடம் இருவருமே கற்றிருக்கிறார்கள். பாலாவுக்குப் பதங்கள் பலவும் அவரிடமிருந்து வந்தவை. ஆனால் கலாக்ஷேத்திரத்தில் தஞ்சை மரபு நட்டுவனார்கள், அதாவது பரம்பரை ஆட்ட ஆசான்கள், நிலைக்கவில்லை. மீனாட்சிசுந்தரம் பிள்ளை விலகினார், பிறகு சொக்கலிங்கம் பிள்ளையும். நட்டுவாங்கத்துக்குத் தன் மாணவர்களையே ருக்மிணி தேவி உட்கார வைத்தார். எந்த வீட்டையும் சாராமல் கலை நிற்க வேண்டும் என்ற அவர் எண்ணத்தில் நேர்மை இருந்தது. அதனால்தான் எந்தச் சாதிப் பெண்ணும் இன்று முழங்கால் மடக்கி அரைமண்டி நிலையில் நின்று இந்த ஆட்டத்தைக் கற்க முடிகிறது. அதே வாசல் வழியாக பரம்பரையாக ஆடிவந்த இசை வேளாளர் சமூகத்துப் பெண்கள் வெளியேறியும் போனார்கள். அத்தனை பேர் விலகிப் போனபோதும் போகாமல் நின்று, தன் வீட்டுக் கலைக்கு மன்னிப்பு கேட்காமல் ஆடியவர் பாலா. அதனால்தான் என் ஓட்டு அவருக்கு.