நகல் பிராப்: பிரிண்ட் எடுப்பதா, மோல்டில் வார்ப்பதா?

ஒரு படத்தில் சில நிமிடங்களே வந்துபோகும் விண்வெளிக் கைத்துப்பாக்கிப் பிராப் (படப்பிடிப்புக்கான பொருள்) ஒன்றின் நகலை எனக்காகச் செய்து அலமாரியில் வைத்தேன். அதைப் பார்த்த சக சேகரிப்பாளர்கள் மூன்று பேர் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். மூன்று ஏழானது, ஏழு முப்பதைத் தொட்டது. முதல் நான்கை 3டி பிரிண்டரில் எடுத்துக் கொடுத்தேன். மீதி இருபத்தாறையும் சிலிகான் ரப்பரில் மோல்டு (அச்சு) செய்து, ஊற்றினால் இறுகும் ரெசினில் வார்த்தேன். ஒரே பொருளை இரண்டு வழியிலும் செய்து விற்றதால்தான் இதை எழுதத் துணிகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வார்ப்பு.

எல்லோருக்கும் தெரிந்தவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். பிரிண்டருக்கு முதலில் ஒரு பெரிய செலவு, அப்புறம் பிளாஸ்டிக் இழைச் சுருள் மட்டும்தான். வார்ப்பில் சிலிகான்தான் விலையை ஏற்றும். பிரிண்டர் நீங்கள் தூங்கும்போதும் வேலை செய்யும். ரெசினைக் கலந்து ஊற்றும்போது நீங்கள் அருகிலேயே நிற்க வேண்டும். அளவு தப்பென்றால் பிரிண்டில் கோப்பைத் திருத்தினால் போதும், வார்ப்பில் மாஸ்டரிலிருந்து (மோல்டு எடுப்பதற்கான மூலப் பிரதி) மறுபடி தொடங்க வேண்டும். இவற்றில் எதுவும் என் முடிவைத் தீர்மானிக்கவில்லை.

தீர்மானித்தது உப்புத்தாள்.

இழையை உருக்கி அடுக்கும் சாதாரண பிரிண்டரில் ஓர் அடுக்கின் உயரம் பெரும்பாலும் 0.2 மில்லிமீட்டர். தட்டையான பக்கத்தில் அது பெரிதாகத் தெரியாது. உருண்டையான குழலில் வயல் வரப்பு மாதிரி படிப்படியாகத் தெரியும். அதை மறைக்க ஃபில்லர் பிரைமர் (பள்ளத்தை நிரப்பும் அடிப்பூச்சு) அடித்து, பட்டி பார்த்து, 120, 220, 400, 600 என்று தாளை மாற்றி மாற்றித் தேய்க்க வேண்டும். கைப்பிடியின் பள்ளங்களுக்குள் விரல் போகாது. பல்குத்தும் குச்சியில் தாளைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு பள்ளமாகப் போக வேண்டும். எனக்கு ஒரு துப்பாக்கிக்கு ஆறு மணி நேரம் ஆனது. கை பழகியும் நான்காவதில் அது குறையவில்லை.

வார்ப்பில் இந்தத் தேய்ப்பு ஒரே ஒரு முறைதான். மாஸ்டரும் பிரிண்டரில் எடுத்ததே. ஆனால் அதன்மேல் 14 மணி நேரம் செலவழித்து 1000ஆம் எண் தாள் வரை போனேன். மோல்டு செய்ய இன்னொரு 8 மணி நேரம். அதன்பின் வார்த்தெடுத்த ஒவ்வொன்றுக்கும் தையல்கோட்டை (மோல்டின் பாதிகள் சேரும் இடத்தில் விழும் கோடு) சீவித் தேய்க்க ஒரு மணி நேரம் போதுமானதாக இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நான்கு பிரதிக்குப் பிரிண்டில் 24 மணி, வார்ப்பில் 26. ஐந்தாவதில் 30க்கு 27 என்று தராசு சாய்கிறது. முப்பதில் இரண்டுக்கும் ஒப்பீடே இல்லை. பெயின்ட் வேலை இரு வழியிலும் ஒன்றுதான் என்பதால் அதைச் சேர்க்கவில்லை.

நேரம் மட்டுமல்ல. கையால் தேய்க்கும்போது ஒவ்வொரு பிரதியும் கொஞ்சம் மாறுகிறது. முதல் துப்பாக்கியில் கூர்மையாக இருந்த பின்விளிம்பு நான்காவதில் மழுங்கியிருந்தது. அவற்றை வாங்கிய இரண்டு பேர் ஒன்றாகச் சந்தித்தபோது இரண்டையும் அருகருகே வைத்துப் படமெடுத்து அனுப்பினார்கள். குறையாகச் சொல்லவில்லை, ஆசையாகத்தான் அனுப்பினார்கள். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. சேகரிப்பாளர் தேடுவது திரையில் பார்த்த அதே விளிம்பை. அதை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு இன்னொருவருக்கு மழுங்கலாகக் கொடுப்பது சரியில்லை. மோல்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. சிலிகான் கைரேகையைக்கூடப் பதிந்துகொள்ளும். மாஸ்டரின் பிரைமரில் ஒட்டியிருந்த ஒரு நூலிழை என் கண்ணில் படாமல் போனது. இருபத்தாறு பிரதியிலும் அதே இடத்தில் அது இருந்தது, ஒவ்வொன்றிலும் சீவி எடுத்தேன். மாஸ்டரைச் சாய்வான வெளிச்சத்தில் வைத்து இன்னொரு நாள் புதுக்கண்ணோடு பார்த்துவிட்டு மோல்டு போடுங்கள்.

இங்கே நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். திரவ ரெசினை ஒளியால் இறுக்கும் பிரிண்டரில் அடுக்கு 0.05 மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லியது. தேய்ப்பு வெகுவாகக் குறையும். நண்பர் ஒருவரின் இயந்திரத்தில் ஒரு முறை சில பாகங்கள் எடுத்துப் பார்த்ததோடு என் அனுபவம் சரி. அதை வைத்து ஒரு துப்பாக்கிக்கு இரண்டரை மணி நேரம் என்று கொண்டால், வார்ப்பு முந்துவது பதினைந்தாவது பிரதியில்தான். பத்துப் பேருக்குச் செய்பவருக்கு அது நல்ல வழியாக இருக்கலாம். ஒரே எச்சரிக்கை: உள்ளே வெற்றுக் கூடாக எடுத்தால் வடிதுளை வைத்து, உட்புறத்தையும் ஆல்கஹாலில் கழுவி, உள்ளேயும் ஒளி காட்டி இறுக்க வேண்டும். உள்ளே சிக்கிய இறுகாத ரெசின் மாதங்கள் கழித்துச் சுவரை விரிசல்விட வைத்து வெளியே கசியும். அப்போது அந்தப் பொருள் உங்கள் கையில் இருக்காது, வாங்கியவரின் அலமாரியில் இருக்கும்.

வார்ப்பிலும் தொல்லை உண்டு, அது வேறு வகை. என் முதல் மோல்டு முழுசாக வீணானது. பிளாட்டினம் வகை சிலிகானை (இறுக்கும் பொருளை வைத்துத்தான் வகைக்குப் பெயர்) ஒளியில் இறுக்கிய பாகத்தின்மேல் நேராக ஊற்றிவிட்டேன். தொட்ட பரப்பு முழுவதும் இறுகாமல் பிசுபிசுவென்று நின்றது. கந்தகம் கலந்த களிமண், ரப்பர் கையுறை இரண்டும் இதே வேலையைச் செய்யும். தகரம் வகை சிலிகானுக்கு இந்தச் சிணுங்கல் இல்லை. ஆனால் அது நாளாவட்டத்தில் சுருங்கும், எடுத்துவைத்த மோல்டு சில ஆண்டுகளில் வலுவிழக்கும். நான் தகரம் வகைக்கு மாறினேன். இருபத்திரண்டாவது வார்ப்பில் முனைகள் கிழியத் தொடங்க, இன்னொரு மோல்டு போட வேண்டியதாயிற்று. அப்படியும் கணக்கு வார்ப்பின் பக்கமே நின்றது.

அப்புறம் குமிழி. பாலியூரித்தேன் ரெசினின் இரண்டு பாகங்களையும் கலந்தால் வகையைப் பொறுத்து ஊற்றுவதற்கு மூன்று நிமிடம்கூடக் கிடைக்காது. காற்றில் ஈரம் அதிகமென்றால் நுரைக்கும். அழுத்தக் கலத்தில் வைத்து இறுக்கினால் குமிழிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கிவிடும். வார்ப்பை அழுத்தத்தில் வைப்பதாக இருந்தால் மோல்டையும் அதே அழுத்தத்தில் இறுக்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் சிலிகானுக்குள் இருக்கும் குமிழிகள் அமுங்கி, வார்ப்பின் மேல் பரு பருவாகப் புடைக்கும். இந்த ரெசினில் மூச்சுக்குக் கேடு செய்யும் ஐசோசயனேட் இருக்கிறது. கரிம ஆவிக்கான வடிகட்டி உள்ள முகமூடி இல்லாமல் மூடிய அறையில் ஊற்றாதீர்கள். ஒரு தடவைதானே என்றும் வேண்டாம்.

பிரிண்டால் தர முடியாத ஒன்று வார்ப்பில் கிடைக்கிறது. காலி மோல்டின் உட்புறத்தில் அலுமினியத் தூளைத் தூரிகையால் தடவிவிட்டு, கொஞ்சம் தூளை ரெசினிலும் கலந்து ஊற்றினேன். வெளியே எடுத்தபோது சாம்பல் நிறத்தில் மங்கலாகத்தான் இருந்தது. மிக மெல்லிய ஸ்டீல் வுல்லால் தேய்க்கத் தேய்க்க உண்மையான உலோகப் பளபளப்பு மேலே வந்தது. அதற்குமேல் வெள்ளிப் பெயின்ட் தேவையில்லை. உரசிய இடத்திலும் உலோகமே தெரியும். கனமும் இருக்கிறது. பெட்டியைப் பிரித்தவர்கள் எனக்கு முதலில் எழுதியது பெரும்பாலும் கனத்தைப் பற்றித்தான்.

திரைக்குச் செய்தவர்களும் வார்த்தவர்கள்தான் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. நெருக்கக் காட்சிக்கு ஒரு நல்ல பிரதி, சண்டைக்காட்சிக்கு அதே மாஸ்டரிலிருந்து ரப்பரில் ஒன்று என்பது பழைய வழக்கம். 1941இல் வந்த 'மால்டீஸ் ஃபால்கன்' படத்தின் பறவைச் சிலை ஈயத்தில் வார்க்கப்பட்டது. 2013இல் அது 40 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அசலிலேயே தையல்கோடு இருந்த பொருள் என்றால் நகலிலும் அதை விட்டுவையுங்கள் என்று கேட்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள்.

வெயிலில் எது தாங்கும் என்று அடிக்கடி கேட்கிறார்கள். பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழை 60 டிகிரி செல்சியஸ் அருகே இளகிவிடும். என் நான்கில் ஒன்று மூடிய காரில் கிடந்து குழல் தொங்கிப்போனது. வார்த்த பிரதி ஒன்றை மாற்றிக் கொடுத்தேன். ஆனால் வார்ப்பு ரெசின் இதில் பெரிய வீரன் இல்லை. சாதாரண ரெசின்கள் பலவும் ஏறக்குறைய அதே சூட்டில் வளையும். இப்போது குழலுக்குள் ஓர் எஃகுக் கம்பி வைத்து வார்க்கிறேன். பிரிண்டிலும் இதைச் செய்யலாம்.

உரிமை விஷயத்தில் செய்முறை எதையும் மாற்றாது. எங்கே விற்கிறீர்கள் என்பது மாற்றும். ஸ்டார் வார்ஸ் படத்தின் ஸ்டார்ம்ட்ரூப்பர் தலைக்கவசம் சிற்பம் ஆகாது, ஆகவே சிற்பத்துக்கான பதிப்புரிமை அதற்கு இல்லை என்று 2011இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், அமெரிக்கப் பதிப்புரிமையை மீறியதற்காகப் பிரிட்டன் நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரலாம் என்றும் சொன்னது.

திருட்டு இரண்டிலும் உண்டு. கோப்பு வெளியே போனால் ஆயிரம் பேரிடம் போகும். வார்த்த பிரதியின்மேல் இன்னொருவர் மோல்டு போட்டால் அது மறுவார்ப்பு. இந்த வட்டத்தில் அதைவிடப் பெரிய துரோகம் இல்லை. மோல்டும் ரெசினும் சுருங்குவதால் மறுவார்ப்பு அசலைவிடச் சற்றே சிறியதாக இருக்கும், விளிம்புகளும் மழுங்கும். சந்தேகம் வந்தால் அளந்து பார்க்கலாம். என் மாஸ்டரின் கைப்பிடிக்குள் ஒரு சின்னக் கீறலை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். ஒவ்வொரு பிரதியின் அடியிலும் வரிசை எண் பொறித்து, யாருக்கு எந்த எண் போனது என்று நோட்டில் எழுதி வைக்கிறேன்.

தலைக்கவசம் போன்ற, உள்ளே வெற்றான பெரிய பொருளுக்கு இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மோல்டைச் சுழற்றிச் சுழற்றி உள்ளே பூசும் வார்ப்பை நான் ஒரே ஒரு முறை செய்தேன், சுவர் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் காகிதமாக நின்றது. இப்போது இரண்டு பேர் தலைக்கவசம் கேட்டிருக்கிறார்கள். அந்த இரண்டையும் பிரிண்ட் எடுத்துத் தேய்த்துத்தான் கொடுக்கப்போகிறேன்.