யூடியூபில் விடிய விடிய கூத்து: இலவசமாகப் பார்த்த அனுபவம்

ஆரணியில் இருக்கும் நண்பன் போன வாரம் போனில் கேட்டான்: "நீதான் டிவியில விடிய விடிய தெருக்கூத்து பாக்குறியே, யூடியூப் பிரீமியம் கட்டலாமாடா, இல்ல விளம்பரத்தோடயே ஓட்டலாமா?" ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

எங்கள் வீடு காட்பாடியில். அப்பாவுக்குச் சொந்த ஊர் ஆற்காடு பக்கம். பங்குனியில் தொடங்கி ஆடி வரை எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் மகாபாரதக் கதையைச் சொல்லும் பாரத விழா நடக்கும். பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து. முழங்கால் வலி வந்த பிறகு அப்பாவால் மண்ணில் உட்கார்ந்து விடியும் வரை பார்க்க முடிவதில்லை. ஸ்மார்ட் டிவி வாங்கியதே அவருக்காகத்தான். செய்யாறு, வந்தவாசி, போளூர் பக்கத்து ஜமாக்கள், அதாவது கூத்துக் குழுக்கள், ஆடியதை யாரோ ஒரு புண்ணியவான் கேமரா வைத்து முழுதாக எடுத்து ஏற்றியிருக்கிறார். ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம் ஓடும். முகவீணை என்கிற கூத்துக் குழல் கேட்டதும் அப்பா நிமிர்ந்து உட்காருவார். இதற்கு எங்கள் செலவு நெட் பில் மட்டும். இந்த ஒன்றுக்காகவே யூடியூபை வாயாரப் புகழ்வேன்.

விளம்பரமே கூடாது என்று சொல்கிற ஆள் நானில்லை. 2005-இல் தொடங்கிய தளத்தை 2006-இல் கூகுள் 165 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அத்தனை வீடியோவையும் சேமித்து ஊருக்கெல்லாம் ஓட்டிக் காட்டக் காசு எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். 2007-இல் வீடியோவின் அடியில் பட்டை மாதிரி விளம்பரம் வைத்தார்கள், அதே ஆண்டு வீடியோ போடுபவர்களுக்கும் பங்கு கொடுக்க ஆரம்பித்தார்கள். 2010 கடைசியில் வந்த ஸ்கிப் பட்டன்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்த முறையில் ஐந்து நொடியில் தள்ளிவிட்டால் விளம்பரம் கொடுத்தவருக்குச் செலவில்லை. முப்பது நொடி பார்த்தால், சின்ன விளம்பரமாக இருந்தால் முழுதும் பார்த்தால், இல்லை அதைத் தட்டி உள்ளே போனால்தான் காசு. வேண்டாதவனிடம் காட்டியதற்குக் கூலி கிடையாது. நேர்மையான கணக்கு.

நீளமான வீடியோவுக்கு வரும் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் ஏற்றியவருக்கு. அதற்கு 1000 சந்தாதாரர் வேண்டும், ஒரு வருடத்தில் 4000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். ஆறு மணி நேரக் கூத்தை 667 பேர் கடைசி வரை பார்த்தாலே அந்த 4000 வந்துவிடும். வரும் பணம் கேமராக்காரர் கணக்குக்குத்தான் போகிறது. கட்டை கட்டி, அதாவது மரத்தால் செய்த கிரீடமும் புஜமும் கட்டி, ஆடிய வாத்தியாருக்கு எவ்வளவு என்பது அவர்கள் பேசிக்கொண்டதைப் பொறுத்தது. இது எனக்கு உறுத்தல்தான்.

சரி, கோபத்துக்கு வருகிறேன். எட்டு நிமிடத்துக்குக் குறையாத வீடியோ என்றால் நடுவிலும் விளம்பரம் வைக்கலாம். 2020-க்கு முன் இது பத்து நிமிடமாக இருந்தது. நாலு நிமிடப் பாட்டு தப்பித்துவிடும், ஆறு மணி நேரக் கூத்து மாட்டிக்கொள்ளும். எந்த இடத்தில் வைப்பது என்று ஏற்றுபவர் தானே குறிக்கலாம், கணினியே வைக்கட்டும் என்றும் விட்டுவிடலாம். நாங்கள் பார்க்கும் சானல்காரர் விட்டுவிட்டார் போலிருக்கிறது. போருக்குப் புறப்படும் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறுகிறான். தாளமில்லாமல் இழுத்துப் பாடும் விருத்தம் உச்சிக்குப் போய் ஒரு மூச்சுக்கு நிற்கிறது. பின்பாட்டுக்காரர் அதை வாங்கித் திருப்பிப் பாட வேண்டும். அங்கே வந்து விழுகிறது நகைக்கடை விளம்பரம், செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை என்று! அப்பா கண்ணாடியைப் போட்டு, ரிமோட்டைத் தேடி, ஸ்கிப் அழுத்தித் திரும்புவதற்குள் அழுகை வந்த தொண்டை வறண்டுவிடுகிறது. அந்த ஒரு மூச்சு மௌனத்தைச் சும்மா கிடக்கிற இடம் என்று எடுத்துக்கொண்டால் கூத்தே போச்சு.

எங்கே நிறுத்தலாம் என்று கூத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். கூத்தை நடத்திக்கொண்டு போகும் கோமாளியான கட்டியங்காரன் மைக்கைப் பிடித்து, இன்னார் மகன் இன்னார் 101 ரூபாய் அன்பளிப்பு என்று வாழ்த்திச் சொல்வான். அதுவும் காசு வரும் வழிதானே? அந்த நேரத்தில் ஜனங்கள் டீக்குப் போவார்கள், பிள்ளைகளைப் படுக்க வைப்பார்கள். யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. ஒரு வேஷம் உள்ளே போய் அடுத்த வேஷம் திரைக்குப் பின்னால் வந்து நிற்கிற இடைவெளியும் அப்படித்தான். அங்கே இரண்டு விளம்பரம் சேர்த்துப் போட்டாலும் அப்பா ஸ்கிப் தேட மாட்டார், முழுதாகப் பார்ப்பார். சானலுக்கும் காசு கூடும்.

பிரீமியம் 2019-இல் இந்தியாவுக்கு வந்தபோது மாதம் 129 ரூபாய். 2024-இல் 149 ஆனது. கட்டினால் விளம்பரம் இல்லை. நாம் பார்த்த நேரத்துக்கு ஏற்ப ஏற்றியவருக்கும் அதில் பங்கு போகிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு உனக்கு என் பதில்: கட்டிவிடு. விளம்பரத்தால் ஓடுவதுதான் நியாயம் என்று இன்னமும் சொல்வேன், காசில்லாத வீட்டிலும் கூத்து கேட்பது அதனால்தான். ஆனால் நேற்று ராத்திரி கர்ணன் கட்டத்தைக் கெடுத்த பிறகு நானே கட்டிவிட்டேன். சானல்காரருக்கும் எழுதியிருக்கிறேன்: அன்பளிப்பு வாசிக்கிற நேரங்களை ஒவ்வொரு கூத்துக்கும் குறித்து அனுப்புகிறேன், விளம்பரத்தை அங்கே மட்டும் வையுங்கள் அண்ணா என்று. அவர் மாற்றிவிட்டால் அடுத்த மாதமே பிரீமியத்தை நிறுத்திவிடுவேன், உனக்கும் போன் பண்ணிச் சொல்கிறேன்.