மோர்சிடான்ஸா, சப்ஸ்பினிப்ஸா?

திருகோணமலை உப்புவெளியில் தென்னங்குற்றிக்கு அடியில் பிடித்து வளர்க்கும் என் மட்டத்தேளை (பூரானை) முதலில் நிறத்தை வைத்துத்தான் இனம் பார்த்தேன். அது சரிவராது. ஸ்கோலோபென்ட்ரா மோர்சிடான்ஸ், ஸ்கோலோபென்ட்ரா சப்ஸ்பினிப்ஸ் என்ற மட்டத்தேள் இனங்கள் இரண்டுமே பல நிறங்களில் வரும். இரண்டுக்கும் 21 சோடிக் கால்கள்.

கடைசிக் காலைத்தான் நம்பலாம். கண்ணாடிப் போத்தலில் விட்டு, அடியிலிருந்து பூதக்கண்ணாடியால் பாருங்கள். அந்தக் காலின் முதல் பெரிய கணுவின் அடிப்பக்கத்தில் பொதுவாக மூன்று வரிசைகளில் ஒன்பது முட்கள்வரை இருந்தால் மோர்சிடான்ஸ். காலும் சற்றுக் கட்டையாக, தடிப்பாக இருக்கும். சப்ஸ்பினிப்ஸுக்கு அது நீண்டு மெலிந்திருக்கும், முட்களும் மிகச் சில.

என்னுடையது மோர்சிடான்ஸ்தான். தோலுரித்ததும், அது தின்னுமுன் தோலை இடுக்கியால் எடுத்துவிட்டேன். அப்புறம் முட்களை ஆறுதலாக எண்ண முடிந்தது.